பெருநாளுக்கு ஊர் திரும்பிய தண்ணீர்

முப்பத்து நான்கு வயதில் என்னைப் பணி ஓய்வு பெற்றவளாக்கிவிட்டார்கள். சுரங்க ரயில் பாதை முடிந்தது. அதற்காகவே ஒட்டவைத்த எங்கள் சின்ன அதிர்வுப் பிரிவும் கலைந்தது. பிரிவு நாளில் கேக் வெட்டினோம். கேக்கின் குறுக்கே யாரோ ஒரு சுரங்கம் குடைந்திருந்தார்கள். கத்தி பட்டதும் அது இடிந்து விழுந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்கு மட்டும் சிரிப்பு நிற்கவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் எனக்குப் பின்னால் வந்த தங்கைகள் தமிழ் மாணவர் மலருக்காகக் கேட்டார்கள். “சீனியர், ரிட்டையர் ஆயிட்டீங்கல்ல, உங்க சர்வீஸ் கதைய எழுதிக் குடுங்க லா” என்று ஒருத்தி குறுஞ்செய்தி அனுப்பினாள். அடுத்த மாதம் ஷா ஆலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்பதை அவள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. இருக்கட்டும். எழுதுகிறேன். அடக்கமாக எழுதச் சொன்னால் மட்டும் எனக்கு வராது.

அடக்கம் வராததற்குக் காரணம் இருக்கிறது. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு தோட்டத்து வேலைக்குப் போனவர்; பிறகு கிள்ளானில் காங்கிரீட் லோரி ஓட்டினார். நான் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகம் என்று படித்து, மண்ணியல் பொறியியலில் பட்டம் வாங்கினேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். அம்மாவுக்கு ஒரு கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள் வேண்டும், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் வேலை என்ன என்று அப்பாவுக்கு விளக்கினேன். “நான் நாள் பூரா காங்கிரீட்ட ஆட்டுறேன். நீ எதுவுமே ஆடக்கூடாதுங்கற. ஒரே வீட்டுல இப்படி ரெண்டு தொழிலு” என்றார்.

அவர் சொன்னது சரிதான். சுரங்கத்தில் ரயில் ஓடும்போது சக்கரம் தண்டவாளத்தை உலுக்குகிறது. அந்த உலுக்கல் சுரங்கச் சுவரைத் தாண்டி மண்ணுக்குள் அலையாகப் பரவி மேலே வருகிறது. கட்டடத்துக்குள் புகுந்து சுவர்களை நடுங்க வைக்கிறது. காதுக்கு அது ஒரு தாழ்ந்த உறுமலாகக் கேட்கும். ரயில் ஓடுவதற்கு முன்பே, எந்த வீட்டில் எவ்வளவு உறுமும் என்று கணித்துச் சொல்வது எங்கள் வேலை. காய்ந்த மண் என்றால் கணக்கு ஓரளவு மரியாதையாக நடந்துகொள்ளும். நீர் நிறைந்த மண்ணில் மணல் ஒரு பக்கம் அசையும், அதன் இடுக்குகளில் இருக்கும் தண்ணீர் இன்னொரு பக்கம் அசையும். இரண்டும் சேர்ந்தும் ஓடும், ஒன்றையொன்று இழுத்தும் பிடிக்கும். கல்யாணமான தம்பதியைக் கணிப்பது போலத்தான். இதில் எனக்கு ஏற்பட்ட மயக்கம் இன்றுவரை தெளியவில்லை.

எங்கள் தலைவர் பெயர் மோகன். தேய்த்த முழுக்கைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. குரலை உயர்த்தவே மாட்டார். “பியூட்டிஃபுல்” என்று அவர் சொன்னால் கணக்கில் எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது என்று பொருள். உண்மையிலேயே நன்றாக இருந்தால் “மோசமில்ல” என்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் பியூட்டிஃபுல்களை எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கணினியில் எந்தக் கணக்கு மாதிரியை ஓட்டுவதற்கு முன்பும், எந்த அளவீட்டுக்குப் போவதற்கு முன்பும், ஒவ்வொருவரும் தம் ஊகத்தை வெள்ளைப் பலகையில் எழுதிப் பெயர் போட வேண்டும். மண்ணைப் பற்றி மனதுக்குள் ஒரு கருத்தே இல்லாமல் பொத்தானை அமுக்குகிறவரை அவர் பொறியியலாளராக மதிப்பதில்லை. யாருடைய ஊகம் மிகத் தவறோ, அவர் அந்த வாரம் முழுக்க எல்லாருக்கும் காப்பி கலக்க வேண்டும், கோப்பைகளையும் கழுவ வேண்டும். அவருக்கும் விலக்கில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் கோப்பை கழுவிய வாரங்களை நாங்கள் திருவிழாவைப் போலக் கொண்டாடினோம்.

இனி பிரிக்பீல்ட்ஸ் கதை. பாதை அங்கே ஒரு பழைய கடைவரிசையின் அடியில் போகிறது. அந்த வரிசையில், கீழ்த்தளத்தில், திலகா அக்காவின் செவித்திறன் பரிசோதனை நிலையம் இருந்தது. குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா, எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் இடம். கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பரிசோதனை அறை என்பது அறைக்குள் இன்னோர் அறை. கனமான கதவு, பஞ்சு வைத்த சுவர். உள்ளே பிள்ளையின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் கட்டையை டப்பாவில் போட வேண்டும். எவ்வளவு மெல்லிய சத்தத்துக்குப் பிள்ளை கட்டையைப் போடுகிறது என்பதுதான் முழுப் பரிசோதனையும்.

முதல் சந்திப்பில் நான் எல்லா வரைபடங்களையும் மேசையில் விரித்தேன். அக்கா அவற்றைப் பார்க்கவே இல்லை.

“பவானி, எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லு மா. பிள்ள கட்டையப் போடுது. அது என் சத்தத்துக்குப் போட்டுச்சா, உன் ரயிலுக்குப் போட்டுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நான் வரைபடங்களைச் சுருட்டினேன். ரயில் உறுமினால் நிலையம் இடம் மாற வேண்டும். மாறுவதற்குள் காது கேட்காத ஒரு பிள்ளைக்குக் கேட்கிறது என்று தவறாக எழுதிவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டிய வயது கைநழுவிப் போகும். உறுமலைத் தடுக்க ஒரு வழி இருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தை விரித்து, அதன்மேல் காங்கிரீட் பலகையை மிதக்க விடுவது. ஆனால் தண்டவாளக் காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே அதை முடிவு செய்ய வேண்டும். ஊற்றிய பிறகு கேட்டால் யாரும் சுரங்கத்தைத் தோண்டி எடுக்க மாட்டார்கள். சுரங்கத்தைக் கட்டும் குத்தகை நிறுவனத்தின் மேலாளர் லிம்முக்கு அந்த மெத்தையில் விருப்பமே இல்லை. தேவை என்று எண்களில் காட்டுங்கள், போடுகிறேன் என்றார். நியாயமான மனிதர், அதுதான் தொல்லை.

எங்கள் தொழிலில் எல்லாரும் காத்திருக்கும் நாள் நோன்புப் பெருநாள், ஊர்ப்பேச்சில் ராயா. நகரம் முழுவதும் கம்பத்துக்கு, அதாவது சொந்த ஊருக்கு, போய்விடும். லோரி இல்லை, பேருந்து இல்லை, கட்டுமான இடங்களில் இரைச்சல் இல்லை. மண் வாயை மூடிக்கொண்டு இருக்கும் அந்த வாரத்தில் அளந்தால் சின்ன அதிர்வுகூடத் தெளிவாகப் பதியும். ஊரே பலகாரம் தின்னும்போது அதிர்வுக்காரர்கள் மட்டும் கருவிப் பெட்டியோடு அலைவார்கள். அந்தப் பெருநாளிலும் அப்படித்தான் போனோம். தண்டவாளம் போடாத வெறும் சுரங்கத்தில் மோகன் நின்றார். கனமான எடையை உயரத்திலிருந்து தளத்தில் போடுவது அவருடைய குழுவின் வேலை. மேலே, அக்காவின் பரிசோதனை அறையில், சென்சரைத் தேன்மெழுகு வைத்துத் தரை ஓட்டில் ஒட்டி நான் குந்தியிருந்தேன். வாக்கிடாக்கியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி “சத்து, டுவா, திகா” என்று வரும். பிறகு திரையில் ஒரு கோடு துள்ளும். எவருமில்லாத பிரிக்பீல்ட்ஸின் நடுவில் தரைக்கடியிலிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு முறையும் நான் சிரித்தேன்.

எண்கள் சிரிக்கும்படி இல்லை. எங்கள் கணினி மாதிரி சொன்னதைவிட அறையில் அதிர்வு மிக அதிகம். மெத்தை கட்டாயம் வேண்டும் என்று அந்த எண்கள் சொல்லின.

மோகன் அவற்றைப் பார்த்தார். “பியூட்டிஃபுல்” என்றார்.

அதனால் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்கப் போனோம். போவதற்கு முன் பலகையில் ஊகம் எழுதினோம். நான் பெருநாள் எண்ணையே மறுபடி எழுதி, பெயருக்கு அடியில் இரண்டு கோடும் போட்டேன். அதே அறை, அதே ஓடு, அதே எடை, அதே கை. வந்த எண் பாதிகூட இல்லை. மாதிரி சொன்னதோடு அழகாகப் பொருந்தியது. மெத்தை தேவையில்லை என்ற எண்.

மோகன் என்னைத் திட்டவில்லை. பெருநாளுக்காக அறையில் ஏர்கோனை அணைத்திருந்தார்கள், வெக்கையில் மெழுகு இளகியிருக்கும், சென்சர் தளர்ந்து கூடுதலாக ஆடியிருக்கும் என்று மிகப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் என்னைச் சுட்டது. அந்த மெழுகை ஒட்டியது என் கட்டைவிரல். ஒட்டிய பிறகு நகத்தால் நெம்பிப் பார்த்திருக்கிறேன், சென்சர் அசையவில்லை.

“மெழுகு இளகல பாஸ்.”

“சரி, இளகல. அப்ப ரெண்டு வாரத்துல மண்ணு மாறிடுச்சா?”

நான் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேன். மெத்தை தேவையில்லை என்ற அறிக்கையை அடுத்த வாரக் கூட்டத்தில் லிம்மிடம் கொடுப்பதாக முடிவாயிற்று. ஊகத்தில் நான்தான் படுதோல்வி. கோப்பைகள் என் தலையில் விழுந்தன.

பேன்ட்ரியில் நின்று ஐந்து கோப்பைகளில் த்ரீ-இன்-ஒன் காப்பிப் பொடியைக் கொட்டி, வெந்நீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தேன். ஆத்திரம் தீராததால் கலக்கி முடித்த கோப்பையின் அடியைக் கரண்டியால் டங் டங்கென்று இடித்தேன். இடித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் போனதும்தான் காதில் உறைத்தது: சத்தம் மாறிக்கொண்டே போகிறது. முதலில் தொப்புத் தொப்பென்று மந்தமாக இருந்தது, மெல்ல மெல்ல உயர்ந்து கடைசியில் மணி மாதிரி கிணுங்கியது. மறுபடி கலக்கி இடித்தேன். மறுபடி மந்தம், மறுபடி ஏறியது. அடுத்த கோப்பை. அதுவும் அப்படியே. ஐந்து கோப்பையையும் தட்டித் தட்டி நான் கச்சேரியே வைத்துவிட்டேன்.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம். பொடி கரையும்போது தண்ணீருக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் நிறைகின்றன. சுத்தமான தண்ணீர் லேசில் அமுங்காது. அலை அதற்குள் விரைந்து ஓடும். துளிக் காற்று சேர்ந்தால் போதும், தண்ணீர் மெத்தை மாதிரி ஆகி அலை தள்ளாடும். குமிழிகள் வெளியேற வெளியேற அலை வேகம் பிடிக்கிறது, சத்தம் ஏறுகிறது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். காதால் கேட்டது அன்றுதான்.

மண்ணும் அப்படித்தானே. மண் மாறவில்லை. தண்ணீர் மாறியிருந்தால்?

காப்பியை அப்படியே விட்டுவிட்டு ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். (ஆறிய காப்பியைப் பற்றி என் சக ஊழியர்கள் இன்றுவரை பேசுகிறார்கள்.) கடைவரிசைக்குப் பின்னால் ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியிருந்தார்கள். பள்ளத்தில் நீர் ஊறாமல் இருக்கச் சுற்றிலும் குழாய் இறக்கி, பம்ப் வைத்து, நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். வாசலில் புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்த ஒரு காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, ராயா நேரத்துல இந்த பம்ப் ஓடுச்சா?”

“எங்கங்க ஓடுச்சு? ஜெனரேட்டர் ஆளு ஊருக்குப் போயிட்டாரு. பள்ளத்துல தண்ணி ஏறி நின்னுச்சு. திரும்பி வந்துதான் எறைச்சாங்க. ஏங்க, எதும் பிரச்சனையா?”

“பிரச்சன இல்லண்ணே. ரொம்ப நல்ல சேதி.”

நல்ல சேதிக்கு யாரும் இப்படி மூச்சிரைக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

விஷயம் இதுதான். சாதாரண நாட்களில் அந்த பம்ப் சுற்றுவட்டார நீர்மட்டத்தைக் கீழே இழுத்து வைத்திருந்தது. மேல்மண்ணின் இடுக்குகளில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று நுழைந்திருந்தது. பெருநாளுக்கு எல்லாரும் கம்பத்துக்குப் போனதும், தண்ணீரும் தன் ஊருக்குத் திரும்பிவிட்டது. அங்கே மண் பருமணல், தண்ணீர் சட்டென்று ஊறும். ஏறுவதற்கு ஒரு வாரம் தாராளம். நகரம் அமைதியாக இருக்கும் என்று நாங்கள் தேர்ந்தெடுத்த அதே நாட்களில் மண்ணும் ஆள் மாறியிருந்தது. நாங்கள் பம்ப் இரைச்சல் நின்றதை எண்ணி மகிழ்ந்தோமே தவிர, பம்ப் நின்றால் தண்ணீர் ஏறும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பம்பை இரைச்சலாக மட்டுமே பார்க்கிறவர்களால்தான் இப்படித் தப்பு செய்ய முடியும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. அடித்தளம் கட்டி முடிந்ததும் பம்பை எடுத்துவிடுவார்கள். ரயில் ஓடப்போகும் காலமெல்லாம் தண்ணீர் மேலேதான் நிற்கும். பெருநாள் மண்தான் உண்மையான மண். நாங்கள் பொருந்துகிறது என்று மகிழ்ந்தது, வீட்டுக்காரர் இல்லாத வீட்டை அளந்துவிட்டு.

மாதிரியை உட்கார்ந்து திருத்தினேன். மணலையும் தண்ணீரையும் தனித்தனியாக அசைய விட்டேன். பம்ப் ஓடும் மண்ணுக்கு ஒரு கணக்கு, தண்ணீர் ஏறிய மண்ணுக்கு ஒரு கணக்கு. முதல் கணக்கு இரண்டாம் அளவீட்டோடு பொருந்தியது. இரண்டாவது கணக்கு, பெருநாள் எண்ணையும் தாண்டிப் போனது. பிறகு, அவசரமாகத் திரும்பி வந்த தண்ணீருக்குள் கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டிருக்குமே என்று தோன்றியது. கலக்கியவுடன் இருக்கும் காப்பிபோல. மிகச் சிறிதளவு காற்றைச் சேர்த்து ஓட்டினேன். கோடு இறங்கி வந்து பெருநாள் புள்ளிகளின்மேல் உட்கார்ந்தது. நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்தக் காற்றும் நாளடைவில் கரைந்து போகும். அப்போது அதிர்வு பெருநாளைவிடக் கூடும்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஏறினால் எங்கும் அதிர்வு கூடும் என்று தங்கைகள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். சில தொலைவில் குறையவும் செய்யும். அதே வரிசையின் கோடிக்கடையில் குறைந்தே இருந்தது. அக்காவின் அறை இருந்த தொலைவில், ரயில் உறுமும் சுருதியில், கூடியது. அதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

கூட்டத்துக்கு மோகன் தம் பழைய அறிக்கையோடு வந்தார். முந்தின மாலையே என் கோடுகளை அவரிடம் காட்டியிருந்தேன். கண்ணாடியைத் துடைத்தார். கூட்டத்தில் நானே பேசலாம் என்று மட்டும் சொன்னார். பியூட்டிஃபுல் என்று சொல்லாததையே பெரிய அனுமதியாக எடுத்துக்கொண்டேன். லிம்முக்கு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டார். பிறகு, மண்ணும் அதேதான், கட்டடமும் அதேதான்; கண்ணுக்குத் தெரியாத இத்தனூண்டு காற்று எண்ணை இப்படி மாற்றும் என்று எந்த மேலிடம் நம்பும் என்று கேட்டார்.

நான் கொண்டுவந்திருந்த வெந்நீர்க் குடுவையைத் திறந்தேன். ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு பாக்கெட், ஆளுக்கொரு கரண்டி. கலக்கி, அடியில் தட்டிக்கொண்டே இருங்கள் என்றேன். லிம் முதலில் மோகனைப் பார்த்தார். மோகன் ஏற்கெனவே தட்டத் தொடங்கியிருந்தார். தொப்பு, தொப்பு, டொக், டக், டிங். லிம்மும் தட்டினார். அவருடைய கோப்பை ஏறி முடிந்ததும் மறுபடி கலக்கினார், மறுபடி தட்டினார். அவருடன் வந்த இருவரும் சேர்ந்துகொண்டார்கள். குத்தகை, பாதுகாப்பு, தரக்கட்டுப்பாடு என்று பெயர்ப்பலகை வைத்த பெரிய மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கோப்பை தட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே போனவர்கள் நின்று பார்த்தார்கள். என் வயிற்றுக்குள் ஒரு பட்டாசுக் கட்டே வெடித்துக்கொண்டிருந்தது. முகத்தை மட்டும் பொறியியலாளராக வைத்துக்கொண்டேன்.

லிம் காப்பியை ஒரு வாய் குடித்தார். பம்பை மூன்று நாள் நிறுத்தச் சொல்லிப் பக்கத்து இடத்தாரிடம் தாமே பேசுவதாகவும், அப்போது மறுபடி அளந்து காட்டினால் மெத்தைக்குக் கையெழுத்திடுவதாகவும் சொன்னார். நிறுத்தினார்கள். அளந்தோம். தண்ணீர் ஏற ஏற எண்ணும் ஏறியது. இந்த முறை மெழுகை மோகன் தம் கட்டைவிரலாலேயே ஒட்டினார்.

அன்று அலுவலகம் திரும்பினோம். மோகன் மேசை மேசையாகப் போய்க் கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டு, சட்டைக் கையை மடித்தபடி பேன்ட்ரிக்குள் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து டங், டங், டிங்.

“பவானி.”

“சொல்லுங்க பாஸ்.”

“மோசமில்ல.”

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, இவ்வளவு செய்தும் மோசமில்லை என்றுதானா சொன்னார் என்று கோபித்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்த முடியவில்லை.

மெத்தை விரித்தார்கள், பலகையை மிதக்க விட்டார்கள், தண்டவாளம் வந்தது. பக்கத்துக் கட்டடம் எழும்பி பம்பும் போயிற்று. தண்ணீர் நிரந்தரமாக வீடு திரும்பியது. சோதனை ரயில் ஓடிய முதல் நாள் நான் திலகா அக்காவின் பரிசோதனை அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். காஜாங்கிலிருந்து வந்த ஒரு சிறுமி குட்டி நாற்காலியில் இருந்தாள். அவளுடைய பரிசோதனை முடிந்துவிட்டது. விளையாட்டு பிடித்துப் போனதால் இறங்க மறுத்தாள். அக்கா அவள் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டையை மட்டும் கையில் கொடுத்தார். “என்னா சத்தம் கேட்டாலும் போடணும், சரியா கண்ணு? எவ்ளோ சின்னதா இருந்தாலும்.” சிறுமி தலையாட்டினாள்.

கனமான கதவு சாத்திக்கொண்டது. மோகன் கீழே ரயிலில் இருந்தார். என் கைப்பேசி ஒலியில்லாமல் ஒளிர்ந்தது: இப்போ உங்க அடியில.

சிறுமி கட்டையைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, முழு உடம்பாலும் கேட்டாள். அக்கா மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. கைப்பேசி மறுபடி ஒளிர்ந்தது: போயிடுச்சு.

கட்டை இன்னும் அவள் கன்னத்திலேயே இருந்தது.

“சத்தமே வரல ஆன்டி” என்று அவள் என்னிடம் புகார் சொன்னாள். “எப்ப வரும்?”

இத்தனை வருடம் எதையும் ஆடவிடாமல் இருக்கப் பாடுபட்டவள், அன்று அந்த அறையில் எழுந்து நின்று ஆடினேன். என் கால் சத்தம் கேட்டதும் கட்டை டப்பாவில் விழுந்தது.